ஜூரி நாற்காலியில் நம்மவர்

இந்த மலருக்காகச் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் படித்துக் குறிப்பெடுக்கும் வேலையை மலர்க்குழு எங்களிடம் கொடுத்திருந்தது. பகலில் கடை, இரவில் குறிப்பேடு என்று இரண்டு மாதம் போனது. பெரும்பாலும் எதிர்பார்த்த செய்திகள்தாம்: சந்தா பாக்கி, மீலாது விழா, ஊரிலிருந்து வந்து இங்கே மவுத்தான ஒருவரின் ஜனாஸாவுக்கு வசூல், மண்டப வாடகை. 1978ஆம் ஆண்டு ஜூன் மாதப் பக்கத்தில் மட்டும் இரண்டே வரி. "நமது செயலாளர் ஜூரி வேலையாகக் கோர்ட்டுக்குப் போய் வருவதால் இம்மாதக் கூட்டம் நடைபெறவில்லை. அடுத்த மாதம் கூடுவோம்."

எங்களுக்கு இது புதிராக இருந்தது. நாங்கள் முப்பதுகளில் இருப்பவர்கள். பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்து, சில காலம் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, அத்தாவின் கடைக்கே திரும்பி வந்தவர்கள். ஜூரி என்றால் ஆங்கிலப் படங்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேர்தான் எங்கள் நினைவுக்கு வருவார்கள். மலேசியாவில், அதுவும் பெட்டாலிங் ஜெயாவில் குடியிருந்த நம் சங்கச் செயலாளர் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததே இல்லை. அத்தாவிடம் கேட்டோம். "ஆமா, அந்தக் காலத்துல இருந்துச்சு. கடைக்காரங்களக் கூப்பிட மாட்டாங்க. இங்கிலீஷ் தெரிஞ்சவங்களத்தான் கூப்பிடுவாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த ஒரு வரிக்குள் ஏறத்தாழ 190 வருட வரலாறு இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

பினாங்கில்தான் தொடங்க வேண்டும். 1807இல் ஆங்கிலேய அரசர் வழங்கிய நீதிச் சாசனத்தின்படி பினாங்கில் அரச நீதிமன்றம் ஏற்பட்டது. ஆங்கிலச் சட்டத்தோடு ஜூரியும் அங்கே வந்து இறங்கியது. அப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றி நம் முன்னோர் கடை வைத்து, கப்பல் சரக்கு ஏற்றி இறக்கி, பெரிய சமூகமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சூலியா என்பது அவர்களுக்கு அன்றைய ஆவணங்கள் கொடுத்த பெயர். பின்னாளில் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் அதே முறை போனது. ஆனால் நாம் இருக்கும் சிலாங்கூரின் கதை வேறு. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்களில் ஜூரி நிலைக்கவில்லை. அங்கே 'அசெஸர்' முறை இருந்தது. நீதிபதிக்குப் பக்கத்தில் பொதுமக்களில் இரண்டு பேரை உட்கார வைப்பார்கள். அவர்கள் கருத்துச் சொல்வார்கள். முடிவு நீதிபதி கையில்.

அந்தக் கருத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 1952இல் ஈப்போவில் நாடே பார்த்தது. அவசரகாலம். லீ மெங் என்ற இளம்பெண் கைவெடிகுண்டு வைத்திருந்ததாக வழக்கு, குற்றம் உறுதியானால் தூக்கு. இரண்டு ஆசிய அசெஸர்களும் குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி ஏற்கவில்லை, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாவது விசாரணையில் ஓர் அசெஸர் ஐரோப்பியர். அவர் குற்றவாளி என்றார், மற்றவர் இல்லை என்றார். நீதிபதி ஐரோப்பியரின் பக்கம் நின்று மரண தண்டனை விதித்தார். லண்டன் வரை சத்தம் போன பிறகு பேராக் சுல்தான் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அந்தப் பெண் குற்றம் செய்தாரா என்பது இங்கே நம் கேள்வி இல்லை. பொதுமக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அவர்கள் சொன்னதைத் தள்ளிவிட்டு, வேறு இருவரைக் கொண்டுவந்து கேட்பது என்ன கேட்பது என்பதுதான் கேள்வி. நம் கடைப் பேரம் கூட இதைவிட ஒழுங்காக நடக்கும்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இது மாறியது. மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கு நாடு முழுவதும் ஜூரி என்று ஆனது. இங்கிலாந்தில் பன்னிரண்டு பேர், இங்கே ஏழு பேர். ஏழு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால் நல்லது. இல்லாவிட்டால் குறைந்தது ஐந்துக்கு இரண்டு இருக்க வேண்டும். நாலுக்கு மூன்று செல்லாது. இந்த முறை நீதிபதியால் தள்ளிவிட முடியாத முடிவு அவர்கள் கையில் வந்தது. சட்டம் என்ன என்று நீதிபதி சொல்வார். நடந்தது என்ன என்று ஏழு பேர் சொல்வார்கள். கொலைக் குற்றம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் நீதிபதிக்குத் தூக்கைத் தவிர வேறு வழி கிடையாது.

அத்தா சொன்ன ஆங்கிலத்துக்கு வருவோம். நீதிமன்ற மொழி தெரியாதவர் ஜூரியில் உட்கார முடியாது. கடையநல்லூரிலிருந்தும் பனைக்குளத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் வந்த நம் பெரியவர்கள் மலாய் பேசினார்கள், சந்தைக்குத் தேவையான அளவு சீனமும் பேசினார்கள், கணக்கைத் தமிழில் எழுதினார்கள். ஆளைப் பார்த்ததும் கடன் கொடுக்கலாமா கூடாதா என்று எடை போடத் தெரிந்தவர்கள். பொய் சொல்பவனைக் கண்டுபிடிக்க அவர்களை விட்டால் ஆள் ஏது? ஆனால் அவர்களுக்கு அழைப்பு வராது. குற்றவாளிக் கூண்டில் நிற்க ஆங்கிலம் தேவைப்படவில்லை, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். ஜூரி நாற்காலிக்குத்தான் ஆங்கிலம் கேட்டார்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய ஒரு தமிழர் கொலை வழக்கில் நின்றால், அவரைப் போன்ற ஒருவர்கூட அந்த ஏழில் இருக்க வழியில்லை.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. இலங்கையில் 1811இலேயே தலைமை நீதிபதி அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் உள்ளூர் மக்களையும் ஜூரியில் உட்கார வைத்தார். சிறுவயதில் மதுரையில் வளர்ந்து தமிழ் கற்றவர் அவர். பிற்காலத்தில் அங்கே ஆங்கிலம் பேசும் ஜூரி, சிங்களம் பேசும் ஜூரி, தமிழ் பேசும் ஜூரி என்று தனித்தனிப் பட்டியலே இருந்தது. அங்கேயும் ஏழு பேர்தான், ஐந்துக்கு இரண்டுதான். யாழ்ப்பாணத்துத் தமிழரும் மட்டக்களப்பு முஸ்லிமும் தன் தாய்மொழியில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல முடிந்தது. அதே ஆங்கிலேயர் ஆட்சி, நடுவில் ஒரு கடல்.

இனி நம் செயலாளர். அல்லாஹ்வின் கிருபையால் இன்னும் நம்மோடு இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் மாமு என்றே எழுதுகிறோம். எங்கள் சிறுவயது முதல் அப்படித்தான் அழைக்கிறோம். 1978இல் அவர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் கிராணி, ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது கடிதம் வந்தது. இன்ன நாளில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். ஏதோ வழக்கில் தன்னை மாட்டிவிட்டார்கள் என்று வீட்டில் அழுகையே நடந்ததாம்.

"போனா ஒரு பெரிய கூட்டம் தம்பி. பேங்க்ல வேலை செய்றவரு, தோட்டத்து அசிஸ்டென்ட்டு, கம்பெனி ஆளுங்க. பேரக் குலுக்கிப் போட்டு எடுத்தாங்க. எம் பேரு வந்துச்சு. வக்கீல் எழுந்து வேணாம்னு சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல."

வழக்கு ஒரு கத்திக்குத்து. அதற்கு மேல் எழுத வேண்டாம் என்றார். விசாரணை இரண்டு வாரத்துக்கு மேல் ஓடியது. அப்போது நீதிமன்றம் ஜாலான் ராஜாவில், பாடாங்கை ஒட்டி இருந்தது. மதிய இடைவேளையில் மஸ்ஜித் ஜாமிக்கைத் தாண்டி மஸ்ஜித் இந்தியாவுக்கு நடந்து போய் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்புவாராம். அங்கேதான் சங்கடம். தெரிந்த முகங்கள் எல்லாம் அந்தப் பள்ளிவாசலில்தானே. "என்ன பாய், கோர்ட்டுப் பக்கம் நடமாட்டம்?" என்று கேட்பார்கள். வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்பது நீதிபதியின் கட்டளை. சலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். கர்வம் பிடித்துவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்களாம். வீட்டிலும் மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கூண்டில் நின்ற ஆளைப் பார்ப்பது முதல் நாள் முடியவில்லை, மூன்றாம் நாளிலிருந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றார். அந்த ஆள் ஒவ்வொரு நாளும் ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டு வந்தானாம். சாட்சி சொன்னது பாதி மறந்துவிட்டது, அந்தச் சட்டையின் நிறம் மறக்கவில்லை. கடைசி நாள் ஏழு பேரையும் ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்தபோது ஐந்துக்கு இரண்டு, குற்றவாளி. திறந்த நீதிமன்றத்தில் அறிவித்த எண்ணிக்கை அது.

நாங்கள் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம். "நீங்க அஞ்சுலயா மாமு, ரெண்டுலயா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த ரூம்ல பேசினத அங்கயே வச்சுட்டு வந்தேன். மாமிக்கே தெரியாது" என்றார். தீர்ப்புக்குப் பிறகு ஆறு மாதம் வீட்டுக்குப் பத்திரிகை வாங்கவில்லையாம். மேல்முறையீட்டில் என்ன ஆனது என்று அவர் தெரிந்துகொள்ளவே இல்லை. ஐந்தில் இருந்திருந்தால் ஒரு பாரம், இரண்டில் இருந்திருந்தால் வேறு ஒரு பாரம். எதைச் சுமந்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மூன்று வருடம் கழித்து ஒரு செய்தி அவரை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அன்று வாழ்ந்த யாருக்கும் அந்த வழக்கை விளக்கத் தேவையில்லை. 1979 ஏப்ரலில் ஓர் இரவு, கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் சுபாங் பக்கம் காருக்குள் ஓர் ஆசிரியை குத்திக் கொல்லப்பட்டார். கணவரை ஏற்கெனவே இழந்தவர். கணவரின் தம்பி கைது செய்யப்பட்டார். அவர் ஒரு விரிவுரையாளர். இரண்டு குடும்பங்களின் மனிதர்களும் நம்மிடையே வாழ்வதால் பெயர்களை இங்கே எழுதவில்லை. 1980இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் ஜூரி விசாரணை நடந்தது. நீதிமன்ற வாசலில் கூட்டம், காப்பிக்கடையில் எல்லாம் அதே பேச்சு. அந்தப் பெண் வாழத் தகுதியில்லாதவள் என்று எதிரி தன்னிடம் சொன்னதாக ஒரு சாட்சி கூறினார். ஐந்துக்கு இரண்டு. குற்றவாளி. தூக்கு.

பிறகு அந்தச் சாட்சி தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். 1981 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தது. பொய்ச் சாட்சி சொன்னவர் பத்தாண்டுச் சிறைக்குப் போனார். கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

ஜூரி கூடாது என்பவர்கள் இந்த வழக்கைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். பார்த்தீர்களா, சட்டம் தெரியாதவர்கள் ஒரு பொய்யனை நம்பி ஒருவரைத் தூக்கு மேடை வரை அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நேருக்கு நேர் சத்தியம் செய்து பொய் சொல்பவனை நம்பியது ஐந்து பேர். நீதிபதி மட்டும் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதே சாட்சியைக் கேட்டுவிட்டு இரண்டு பேர் தலையசைக்க மறுத்தார்கள். அந்த இருவர் யார் என்று எந்தப் பத்திரிகையும் தேடிப் போனதில்லை. வங்கியிலோ கம்பெனியிலோ வேலை பார்த்து, ஓய்வு பெற்று, நம் பக்கத்துத் தாமானில் எங்கோ பேரப்பிள்ளைகளோடு இருந்திருப்பார்கள்.

தமிழ்நாட்டுப் பெரியவர்களுக்குப் பாகவதர் வழக்கு நினைவிருக்கும். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945இல் சென்னையில் குற்றவாளிகள் என்று சொன்னதும் ஜூரிதான். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல் விடுதலையானார்கள். பாகவதரின் புகழ் மட்டும் திரும்பவில்லை. பிறகு பம்பாயில் 1959இல் நானாவதி வழக்கு. மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரியைக் குற்றவாளி இல்லை என்று எட்டுக்கு ஒன்று சொன்னது ஜூரி. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. இந்தியாவில் ஜூரிக்கு முடிவு கட்டியது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். சிங்கப்பூர் அதற்கும் முந்திக்கொண்டது. 1950 டிசம்பரில் நாத்ரா கலவரத்தில் ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நான்கு இளைஞர்களுக்காக வாதாடியவர் அன்று இளம் வழக்கறிஞராக இருந்த லீ குவான் இயூ. கொலைக் குற்றத்திலிருந்து ஜூரி அவர்களை விடுவித்தது. வழக்கில் வென்ற வக்கீலுக்கு ஜூரி மீது இருந்த நம்பிக்கை போய்விட்டது என்று அவரே பின்னாளில் எழுதினார். பிரதமரானதும் முதலில் ஜூரியைச் சுருக்கினார், 1970 முதல் அது சிங்கப்பூரில் இல்லை.

நம் நாட்டில் கதவு கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. மாமுவின் வழக்கு கத்திக்குத்து என்று சொன்னோம். அது துப்பாக்கியாக இருந்திருந்தால் அவரை அழைத்திருக்கவே மாட்டார்கள். 1975இல் வந்த பாதுகாப்பு வழக்குகளுக்கான விதிகளின்படி துப்பாக்கி சம்பந்தப்பட்ட வழக்குகளை நீதிபதி தனியாக விசாரிக்கலாம். நம் சங்கம் பிறந்த அதே ஆண்டு. இந்த விதிகள் செல்லாது என்று 1978 டிசம்பரில், பினாங்கு வழக்கு ஒன்றில், பிரிவி கவுன்சில் சொன்னது. அடுத்த வருடமே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அவற்றை மீண்டும் உயிர்ப்பித்தது. 1982இல் அமைச்சர் மொக்தார் ஹாஷிமே கொலை வழக்கில் நின்றபோது ஜூரி இல்லை, காரணம் துப்பாக்கி. ஒரே குற்றம், ஒரே தண்டனை. ஆயுதம் எது என்பதைப் பொறுத்து ஏழு பேர் முடிவா ஒருவர் முடிவா என்று மாறும். சாதாரண மனிதனுக்கு இதை எப்படி விளக்குவது?

எஞ்சியிருந்ததும் 1995இல் போனது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி ஜூரியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கடைசி ஜூரி விசாரணைகளில் ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினரைக் கொன்ற பொமோ மோனா ஃபென்டியின் வழக்கு. தெமர்லோ உயர் நீதிமன்றத்தில் ஏழு பேர் கேட்டு, 1995 பிப்ரவரியில் குற்றவாளி என்றார்கள். மோனா சிரித்தபடி கேமராவுக்குப் போஸ் கொடுத்த படங்கள் இன்னும் சுற்றுகின்றன. எதிரே உட்கார்ந்து அந்தச் சிரிப்பை நாள்தோறும் பார்த்த ஏழு பேரை யாரும் படம் எடுக்கவில்லை. அப்போது நாங்கள் பாலர் பள்ளி வயது.

ஒழித்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றில் நியாயம் உண்டு. நீதிபதி தன் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும், மேல் நீதிமன்றம் அதைப் படித்துத் தவறைப் பிடிக்கலாம். ஜூரி காரணம் சொல்வதில்லை. ஓர் உயிரை எடுக்கும் முடிவுக்கு ஏன் என்று எழுதிய தாள் ஒன்று இருப்பது நல்லதுதான். சாமான்யர்களுக்கு இதெல்லாம் புரியாது என்ற இன்னொரு காரணத்தைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. மாமுவுக்குப் புரிந்தது. அதனால்தான் அவர் ஆறு மாதம் பத்திரிகை படிக்கவில்லை.

இதில் நம் சமூகத்துக்கு ஒரு சிறிய வேடிக்கையும் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் பிள்ளைகள் தேசியப் பள்ளிகளில் படித்து, நீதிமன்ற மொழியும் மலாய் ஆகி, கடைக்காரர் மகனும் தயக்கமில்லாமல் உட்காரக்கூடிய காலம் வந்தபோது நாற்காலியையே எடுத்துவிட்டார்கள்.

கிளம்பும்போது அந்த 1978 ஜூன் பக்கத்தின் நகலை மாமுவிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "இது பொருளாளர் எழுத்து. எனக்காக எழுதி வச்சிருக்காரு" என்றார். அடுத்த மாதக் கூட்டம் நடந்ததா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தோம். நடந்திருக்கிறது. ஜூலைக் குறிப்பு முழுவதும் அவருடைய கையெழுத்துதான், முத்து முத்தாக. வந்தவர்கள் பதினான்கு பேர். நோன்புக் கஞ்சிக்கு இரண்டு பெரிய சட்டி வாங்குவது, ஒன்றுக்குச் சங்கம் பணம் தரும், மற்றொன்றுக்கு உறுப்பினர்களிடம் வசூல். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம். கூட்டம் இரவு பத்து மணிக்கு முடிந்தது. ஜூரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.